மட்டையை விட்டு மிஷனெரியான சி.டி. ஸ்டட்



சபைப் பத்திரிகையில் கிரிக்கெட் என்ற வார்த்தையைப் பார்த்ததும் சிலருக்குப் புருவம் உயரும். ஆராதனை நேரத்தில் நம்முடைய வாலிபப் பிள்ளைகளின் மனசு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உயரும். ஆனாலும் இந்த இதழில் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் சரித்திரத்தைத்தான் சொல்லப்போகிறோம். தெருமுனையில் ஆடினவர் அல்ல. இங்கிலாந்து தேசத்துக்காக ஆடி, பத்திரிகைகளில் தினமும் பெயர் வந்த ஆள். புகழ் உச்சியில் இருக்கும்போதே, 24 வயதில், மட்டையை வைத்துவிட்டு சீன தேசத்துக்குக் கப்பல் ஏறினார். பெயர் சார்லஸ் தாமஸ் ஸ்டட். சி.டி. என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

நம்மில் பலர் இவருடைய பெயரைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கோடீஸ்வரர், கிரிக்கெட் வீரர், எல்லாவற்றையும் விட்டார் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வரிக்குள் அடங்காத வாழ்க்கை அது. விட்டது என்ன, அதற்கு விலை கொடுத்தது யார் யார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

நீலச் சாயப் பணம்

ஸ்டட் பிறந்தது 1860 டிசம்பர் 2. ஊர், இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த ஸ்ப்ராட்டன். தகப்பனார் எட்வர்ட் ஸ்டட் பெரும் பணக்காரர். அந்தப் பணம் வந்தது நம்முடைய இந்தியாவிலிருந்துதான். பீகாரில் திர்ஹூத் என்ற பகுதியில் அவுரித் தோட்டம் வைத்து, நீலச் சாயம் எடுத்து விற்றுச் சம்பாதித்தார். அந்த நாட்களில் அவுரி விவசாயம் என்றால் ஏழை ரயத்துகளின் வேர்வையும் கண்ணீரும்தான். பக்கத்து சம்பாரனில் 1917-ல் காந்தி போய் நின்றதும் இதே அவுரிப் பிரச்சினைக்காகத்தான். இந்தப் பணத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இது திரும்ப வரும்.

எட்வர்ட் சீமைக்குத் திரும்பி, மாளிகை வாங்கி, பந்தயக் குதிரைகள் வளர்த்தார். 1866-ல் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த சாலமாண்டர் அவருடைய குதிரைதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவார், திங்கள் முதல் சனி வரை பந்தயம். அப்பேர்ப்பட்ட மனுஷனை 1875-ல் லண்டனில் டி.எல். மூடி நடத்திய கூட்டத்துக்கு ஒரு சிநேகிதர் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனார். தேவன் அவரைச் சந்தித்தார். குதிரைகளை விற்றார். டெட்வொர்த் என்ற ஊரில் இருந்த தன் பெரிய மாளிகையின் கூடத்தில் நாற்காலி போட்டு சுவிசேஷக் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். உடம்பு பழசுதான், உள்ளே இருக்கிற ஆள்தான் புதுசு என்று வேலைக்காரர்களே பேசிக்கொண்டார்களாம். இரட்சிக்கப்பட்டு இரண்டே வருஷம் இருந்தார். 1877-ல் மரித்துப்போனார்.

மகன்களுக்கு ஆரம்பத்தில் அப்பாவின் பக்தி பெரிய தொந்தரவு. பக்தி என்பது ஞாயிற்றுக்கிழமை சட்டை மாதிரி, திங்கட்கிழமை கழற்றி மடித்துவைக்கவேண்டியது என்றுதான் சி.டி. நினைத்திருந்தார். கைனாஸ்டன், ஜார்ஜ், சார்லஸ் என்ற மூன்று பேரும் ஈட்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விடுமுறையில் வீட்டுக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர், கிரிக்கெட் ஆடக் கிளம்பிக்கொண்டிருந்த சி.டி.யைப் பிடித்து நித்திய ஜீவனைப் பற்றி நேருக்கு நேர் கேட்டார். பையன் நழுவப்பார்த்தான், அவர் விடவில்லை. அந்த இடத்திலேயே முழங்கால்படியிட்டு ஏற்றுக்கொண்டான். அண்ணன்மார் இரண்டு பேரும் அவ்விதமே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் மற்றவரிடம் வாய் திறக்கவில்லை. மூவரும் மற்ற இருவரின் சங்கதி தெரியாமலே பள்ளிக்கூடம் திரும்பி, பிற்பாடு வீட்டுக் கடிதத்தின் மூலம்தான் தெரிந்துகொண்டார்கள்! இந்த வாய்மூடித்தனம்தான் சி.டி.யைப் பிற்காலத்தில் கெடுத்தது.

ஆறு கோடைகாலம்

இனி கிரிக்கெட்டுக்கு வருவோம். ஒரே வருஷத்தில் அண்ணன் தம்பி மூவரும் ஈட்டன் அணியில் இடம்பிடித்தார்கள். சி.டி. 1879-ல் அணித்தலைவர். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. கேம்பிரிட்ஜ் அணிக்கு 1882-ல் ஜார்ஜ், 1883-ல் சார்லஸ், 1884-ல் கைனாஸ்டன் என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஒரே வீட்டுப் பிள்ளைகள் கேப்டன்.

இதோடு, 1879 முதல் மிடில்செக்ஸ் கவுண்டிக்கும் ஆடினார். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மாவட்டத்துக்கு ஒரு அணி, கோடைகாலம் முழுக்க மோதல். மிடில்செக்ஸுக்குச் சொந்த மைதானம் லண்டனில் இருக்கிற லார்ட்ஸ். மட்டை பிடிப்பதிலும் சரி, பந்து வீசுவதிலும் சரி, அந்த நாளில் அவருக்கு இணையாகச் சொல்லப்பட்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர். 1882-லும் 1883-லும் ஒரே பருவத்தில் 1,000 ரன்னுக்கு மேலும், 100 விக்கெட்டுக்கு மேலும் எடுத்தார். டபிள்யூ.ஜி. கிரேஸ் என்ற தாடிக்கார ஜாம்பவான் செய்துகாட்டிய சாதனை அது. மொத்தத்தில் ஆறு கோடைகாலந்தான் ஆடினார், அதற்குள் 4,000-க்கு மேல் ரன், 400-க்கு மேல் விக்கெட்.

1882-ல் ஆஸ்திரேலியா அணி இங்கிலாந்து வந்தது. அவர்களுக்கு எதிராகக் கேம்பிரிட்ஜுக்காக 118 ரன் அடித்தார். பிறகு எம்.சி.சி. அணிக்காக 114. மாணவர் அணியான கேம்பிரிட்ஜ் அந்த ஆஸ்திரேலியரைத் தோற்கடித்தே விட்டது. தேசமெங்கும் ஸ்டட் என்றே பேச்சு.

அந்த ஆகஸ்ட் மாதம் 28, 29 தேதிகளில் லண்டன் ஓவல் மைதானத்தில் டெஸ்ட் பந்தயம். கிரிக்கெட் தெரியாத தாய்மார்களும் இதை வாசிக்கலாம், கஷ்டமில்லை. இங்கிலாந்து ஜெயிக்க 85 ரன் போதும். இரண்டு விக்கெட் இழப்புக்கு 51 வந்துவிட்டது. அவ்ளோதான், முடிந்தது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அப்போது ஸ்பாஃபர்த் என்ற வேகப்பந்து வீச்சாளர் ஆவேசமாக எழும்பினார். ஒவ்வொருவராக விழுந்தார்கள். கேப்டன் ஹார்ன்பிக்கு என்ன தோன்றிற்றோ, முன்னாலே இறங்கவேண்டிய ஸ்டட்டை நிறுத்திநிறுத்தி, பத்தாவது ஆளாக அனுப்பினார். ஆஸ்திரேலியரை இரண்டு சதம் அடித்த ஆள், உள்ளே போய் நின்றார். ஆனால் மறுமுனையில் நின்றார். எதிரில் இருந்த பீட் என்ற கடைசி ஆட்டக்காரர் இரண்டு ரன் எடுத்து, பிறகு மட்டையை வீசி அவுட் ஆனார். ஸ்டட் மேல் நம்பிக்கை இல்லாததால் தானே அடித்துப்பார்த்ததாகப் பீட் பின்னால் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. இங்கிலாந்து 77-க்குச் சுருண்டது, ஏழு ரன்னில் தோல்வி. ஸ்டட் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. கணக்கில், ரன் ஒன்றுமில்லை, நாட் அவுட்.

இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது, அதைத் தகனம்பண்ணிச் சாம்பலை ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போவார்கள் என்று ஒரு பத்திரிகை கேலியாக மரண அறிவிப்பு போட்டது. ஆஷஸ் என்று இன்றைக்கும் நடக்கிறதே, அதற்குப் பெயர் வந்தது இப்படித்தான். அந்தச் சாம்பலைத் திரும்பக் கொண்டுவர ஐவோ பிளை என்பவர் தலைமையில் அதே குளிர்காலத்தில் ஒரு அணி கப்பல் ஏறியது. அதில் சி.டி.யும் ஜார்ஜும் இருந்தார்கள். முதல் பந்தயத்தில் தோற்று, அடுத்த இரண்டில் ஜெயித்தார்கள். மெல்போர்னுக்குப் பக்கத்தில் சில பெண்மணிகள் வேடிக்கையாக ஒரு சின்னக் கலசத்தைப் பிளை கையில் கொடுத்தார்கள். லார்ட்ஸில் வைத்திருக்கிற அந்தக் கலசத்தின்மேல் ஒட்டியிருக்கும் பாட்டில் ஸ்டட் சகோதரர்களின் பெயரும் இருக்கிறது.

ஐந்து டெஸ்ட் ஆடியிருந்தார். வயது 22.

ஜார்ஜின் படுக்கையருகே

இவ்வளவு காலமும் ஆத்துமாவின் நிலை என்ன? சி.டி. தன் நிலையைப் பின்னாட்களில் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டார். இரட்சிப்பின் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே பூட்டிவைத்தார், அது அப்படியே ஆறிப்போயிற்று. ஆறு வருஷம் பின்மாற்றத்தில் இருந்ததாக அவரே கணக்குச் சொன்னார். மோசமான பாவம் ஒன்றும் செய்யவில்லை. கிரிக்கெட்டை நேசித்தார், அவ்வளவுதான். 1882 நவம்பரில் அண்ணன் கைனாஸ்டன் முன்னின்று மூடியைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்து, மாணவர்கள் முதலில் கூச்சல்போட்டுக் கலாட்டா பண்ணி, பிறகு கூட்டங்கூட்டமாக மனந்திரும்பினபோது, சி.டி. ஆஸ்திரேலியாவில் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார். இந்த நாட்களில் இரண்டு வயதான அம்மாமார் இவருக்காக விடாமல் ஜெபித்தார்கள் என்று இவருடைய சரித்திரம் எழுதினவர் சொல்லுகிறார். கிரிக்கெட் கணக்குப் புஸ்தகங்களில் அந்த அம்மாமாருக்கு இடமில்லை.

1883 முடிந்து 1884 பிறக்கும் சமயம் ஜார்ஜ் வியாதிப்பட்டு சாகக்கிடந்தார். சி.டி. இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரே அணியில், ஒரே கப்பலில், ஒரே கைத்தட்டலில் கூட வந்த அண்ணன் அது. அந்தப் படுக்கையில் கிடக்கிறவருக்கு ரன்னும் புகழும் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி மனதைக் குத்திற்று. அண்ணனுக்கு அந்நேரத்தில் வேதமும் கர்த்தரும் தவிர வேறெதிலும் நாட்டமில்லை என்று கண்ணாரக் கண்டார். கர்த்தர் ஜார்ஜை எழுப்பினார். சி.டி. நேரே மூடியின் கூட்டத்துக்குப் போனார், இழந்த சந்தோஷம் திரும்ப வந்தது.

திரும்ப வந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? கிரிக்கெட் சிநேகிதர்களை மூடியின் கூட்டங்களுக்கு இழுத்துவந்தார். ஐவோ பிளை வந்தார். மிடில்செக்ஸ் அணியின் வெப் வந்து ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். ஒரு ஆத்துமாவைக் கொண்டுவரும் சந்தோஷத்துக்கு முன்னால் சதம் அடித்த சந்தோஷம் ஒன்றுமே இல்லை என்று கண்டுகொண்டார். 1884 கோடைகாலம் மிடில்செக்ஸுக்கு ஆடினதுதான் கடைசி. 23 வயதில் கவுண்டி ஆட்டம் முடிந்தது.

இந்த ஜார்ஜைப் பற்றி நம்முடைய சபையார் அறியவேண்டிய ஒரு சங்கதி உண்டு. சாவிலிருந்து மீண்ட அவர் பிற்பாடு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் குடியேறினார். 1906-ல் அசூசா தெருவில் பரிசுத்த ஆவியானவர் ஊற்றப்பட்டபோது அவர் அந்த ஊரில் இருந்தார். பெந்தெகொஸ்தே எழுப்புதலின் ஆரம்ப நாட்களிலேயே அந்த நகரத்தின் அப்பர் ரூம் மிஷன் ஊழியத்தோடு இணைந்தார். ஓவல் மைதானத்தின் ஸ்டட் குடும்பத்துக்கும் அசூசா தெருவுக்கும் இப்படி ஒரு தொடர்பு!

ஏழு பேர்

1884 கடைசியில் சீனா உள்நாட்டு மிஷன் கூட்டம் ஒன்றில் சீனாவின் தேவையைப் பற்றிக் கேட்டார். ஹட்சன் டெய்லர் ஸ்தாபித்த மிஷன் அது. சம்பளம் கிடையாது, யாரிடமும் கை நீட்டக்கூடாது. போகவேண்டும் என்று தீர்மானித்தார். வீட்டில் பூகம்பம். தகப்பன் இல்லாத வீடு. அம்மா அழுதார். பக்தியுள்ள கைனாஸ்டனே, அம்மாவின் இருதயத்தை உடைக்கிறாயே என்று ராத்திரியில் தம்பியிடம் மன்றாடினார். இங்கிலாந்திலேயே எத்தனை வாலிபர்களைச் சந்திக்கலாம், உன் பெயருக்கு எத்தனை கதவு திறக்கும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். சொல்லப்போனால் அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அவர் அசையவில்லை.

ஸ்டட்டோடு சேர்ந்து ஏழு பேர் ஆனார்கள். கேம்பிரிட்ஜ் படகுப் பந்தய வீரர் ஸ்டான்லி ஸ்மித், பீரங்கிப்படை அதிகாரி ஹோஸ்ட், குதிரைப்படை அதிகாரி செசில் போல்ஹில், அவர் சகோதரர் ஆர்தர், போசம்ப், கேசல்ஸ். கேம்பிரிட்ஜ் எழுவர் என்று சரித்திரத்தில் பெயர். இவர்களில் செசில் போல்ஹில்தான், திபெத் எல்லையில் உழைத்துத் திரும்பி, 1908-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அபிஷேகம் பெற்று, 1909-ல் இங்கிலாந்தில் பெந்தெகொஸ்தே மிஷனெரி சங்கத்தைத் துவக்கினவர்.

1885 பிப்ரவரி 4 அன்று லண்டன் எக்ஸெட்டர் மண்டபத்தில் இடம் கொள்ளாத ஜனம். மறுநாள் ரயில் ஏறினார்கள். மார்ச் 18 ஷாங்காய். சீனர் உடுப்பு உடுத்தி, தலையை முன்னே சிரைத்துப் பின்னே சடை வைத்து, சீனர் சாப்பாடு சாப்பிட்டு உள்நாட்டுக்குள் போனார்கள். கைனாஸ்டனும் அந்த வருஷமே அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பேசப்போனார். கார்னெல் கல்லூரியில் 1886-ல் அவர் பேச்சைக் கேட்டு ஒப்புக்கொடுத்த மாணவன்தான் ஜான் மாட். பிற்காலத்தில் உலகமெங்கும் மாணவர் மிஷனெரி இயக்கத்தை நடத்தினவர். கைனாஸ்டன் பிறகு லண்டன் மேயர் ஆனார். அவரும் தேவனுடைய பிள்ளைதான். ஒரே வீட்டில் பிறந்த மூன்று பேருக்கும் மூன்று வழி.

சுங்கிங்கில் ஒரு கையெழுத்து

தகப்பனாரின் உயிலின்படி 25 வயதானால் சி.டி.க்குச் சொத்து வரும். 1885 டிசம்பரில் வயது வந்தது. அப்போது அவர் சீனாவின் உள்ளே இருந்தார். வேதத்தில் ஐசுவரியமுள்ள வாலிபனைப் பற்றி நாம் எத்தனை முறை வாசித்து அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டோம்! இவர் போகவில்லை. முழுவதையும் கொடுத்துவிடத் தீர்மானித்தார். அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டி சுங்கிங் நகரத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரிடம் போனபோது, அவர் பதறி, இரண்டு வாரம் யோசித்து வா என்று அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அதே முகத்தோடு வந்து நின்றார்.

ஏறக்குறைய 29,000 பவுண்டு. இன்றைய மதிப்பில் பல கோடி ரூபாய். 1887 ஜனவரி 13 அன்று காசோலைகள் போயின. 5,000 பவுண்டு மூடிக்கு. 5,000 ஜார்ஜ் முல்லருக்கு, மிஷனெரி ஊழியத்துக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும். 5,000 லண்டன் ஒயிட்சேப்பல் ஏழைகள் மத்தியில் ஊழியம் செய்தவருக்கு. 5,000 இந்தியாவில் இரட்சணிய சேனையை நடத்திக்கொண்டிருந்த பூத் டக்கருக்கு. இன்னும் ஐந்து பேருக்கு ஆயிரம் ஆயிரம், அதில் டாக்டர் பர்னார்டோவும் உண்டு.

மூடிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அவருக்கு ஒரு ஆசை இருந்தது. அப்பா அவுரியில் சம்பாதித்த அதே திர்ஹூத்தில் மூடி ஊழியம் ஆரம்பிக்கவேண்டும் என்பதே அந்த ஆசை. எங்கே எடுத்ததோ அங்கே திரும்பக் கொடுக்க நினைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது நடக்கவில்லை. மூடி அந்தப் பணத்தைச் சிகாகோவில் வேதாகமப் பள்ளி தொடங்கப் பயன்படுத்தினார். அதுதான் மூடி வேதாகமக் கல்லூரி. உலகத்துக்கே ஆசீர்வாதமான கல்லூரிதான். ஆனாலும் திர்ஹூத்தின் ரயத்துகளை நினைத்தால் மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

கடைசியாக 3,400 பவுண்டு மிச்சம். 1888-ல் பிரிசில்லா ஸ்டூவர்ட் என்ற அயர்லாந்து நாட்டு மிஷனெரிப் பெண்ணைக் கலியாணம் பண்ணுவதற்கு முன், அதை மணவாட்டிக்கென்று கொடுத்தார். ஐசுவரிய வாலிபனிடம் ஆண்டவர் எவ்வளவு விற்கச் சொன்னார் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். எல்லாவற்றையும் என்று இவர் சொல்ல, அப்படியானால் இதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையாய்த் துவங்குவோம் என்றார். அதுவும் ஜெனரல் பூத்துக்குப் போயிற்று. ஸ்டட்டின் தியாகம் என்று பேசுகிறவர்கள் இந்த அம்மாவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது. இனிமேல் வரும் சரித்திரத்தில் பாதி பாரம் அவருடையது.

ஷான்சி மாகாணத்தில் லுங்கான் என்ற ஊர். பேய் வீடு என்று ஒருவரும் குடியிருக்காத வீடுதான் கிடைத்தது. வருஷக்கணக்கில், வெளியே வந்தாலே அந்நியப் பிசாசுகள் என்று திட்டுவார்கள். அபினுக்கு அடிமையானவர்களை வீட்டில் சேர்த்து, ஜெபித்து, பராமரித்து விடுவித்தார்கள். ஏழு வருஷத்தில் சுமார் 800 பேர் அந்த இடத்துக்குள் வந்துபோனார்கள். நாலு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். ஆண்பிள்ளைகள் பிழைக்கவில்லை. இருவர் சரீரமும் நொறுங்க, 1894-ல் இங்கிலாந்து திரும்பினார்கள்.

நம்ம ஊட்டியில்

பிறகு இந்தியா. 1900-ல் வந்து, முதலில் திர்ஹூத்தில் சில மாதம் சுவிசேஷம் சொன்னார். அப்பாவின் பழைய இடத்துக்குக் கடைசியில் தானே போனார், பாருங்க. அப்புறம் நம்முடைய நீலகிரியில், ஊட்டியில், 1906 வரை யூனியன் சபையின் போதகர். துரைமார், தோட்டக்காரர்கள், பட்டாளத்துக்காரர்கள் மத்தியில் ஊழியம். ஆஸ்துமா ராத்திரியில் தூங்கவிடாது. இருந்தாலும் பட்டாளத்துக்காரரோடு கிரிக்கெட் ஆடுவார், ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கே பிரசங்கம் பண்ணுவார். மகள்மார் அங்கேதான் ஞானஸ்நானம் எடுத்தார்கள். ஊட்டியில் தாவரவியல் பூங்கா பார்க்கப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஐம்பது வயதில்

1908-ல் லிவர்பூல் நகரத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. நரமாமிசம் தின்பவர்களுக்கு மிஷனெரிகள் தேவை என்று வேடிக்கையாக எழுதியிருந்தது. உள்ளே போய்க் கேட்டார். மத்திய ஆப்பிரிக்காவில் இயேசுவின் பெயரைக் கேள்விப்படாத ஜனங்கள் இருப்பதை அறிந்தார். வயது ஐம்பதை நெருங்குகிறது, கையில் காசில்லை, நோயாளி. டாக்டர் தடுத்தார், பணம் கொடுப்பதாக இருந்த கமிட்டி பின்வாங்கிற்று. 1910 டிசம்பரில் தனியாகக் கிளம்பிவிட்டார். சூடானின் தென்பகுதியைப் பார்த்துத் திரும்பி, 1913-ல் ஆல்ஃபிரெட் பக்ஸ்டன் என்ற கேம்பிரிட்ஜ் வாலிபனோடு பெல்ஜியன் காங்கோவின் வடகிழக்குக்குள் போனார். இபாம்பி என்ற இடம் ஊழியத்தின் மையமாயிற்று.

வீட்டில் பிரிசில்லா அம்மா இருதய வியாதியில் படுக்கை. அந்த நிலையில்தான் விட்டுப்போனார். இதை எப்படிச் சொல்வது? தியாகம் என்று கைத்தட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் தீர்மானத்தையும் சொல்லவேண்டும். எழும்பினார். லண்டன் நார்வுட் பகுதியில் இருந்த வீட்டையே மிஷன் அலுவலகமாக்கி, கடிதம் எழுதி, பத்திரிகை அனுப்பி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று சுற்றிப் பேசி மிஷனெரிகளைத் திரட்டினார். 1916-ல் சி.டி. கடைசியாகக் கிளம்பினார். அதன்பின் பதினைந்து வருஷம் ஊர் திரும்பவேயில்லை. இடையில் 1928-ல் அம்மா காங்கோவுக்கு வந்து இரண்டு வாரம் தங்கினார். பதினைந்து வருஷத்தில் புருஷனும் மனைவியும் முகம் பார்த்தது அவ்வளவுதான். 1929-ல் ஸ்பெயினில் அம்மா மரித்தபோது அவர் இபாம்பியில் இருந்தார்.

காங்கோவில் எழும்பின சபை பெரிது. ஆயிரக்கணக்கானோர் காட்டுப் பாதையில் நடந்து கூட்டங்களுக்கு வந்தார்கள். பெரிய ஐயா என்ற பொருளில் புவானா முகுப்வா என்று அவரை அழைத்தார்கள். மூங்கில் வீடு, கயிற்றுக் கட்டில், விடிவதற்கு முன்பே எழும்பி ஜெபம். கிங்வானா மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். ஆனால் மறைக்காமல் சொல்லவேண்டியதும் உண்டு. தன்னை வருத்தின அளவுகோலாலேயே மற்றவர்களையும் அளந்தார். ஓய்வு கேட்ட மிஷனெரிகளை மட்டமாக நினைத்தார். சரியாய் வாழாத விசுவாசிகள் இரட்சிக்கப்பட்டவர்களே அல்ல என்று கடுமையாய்ப் பேசினார். காரமான வார்த்தையைத் தலைப்பாக வைத்து ஒரு சிறுபிரசுரம் எழுதினதில், நல்ல ஆதரவாளர்களே முகம் சுளித்து விலகினார்கள். வலி தாங்காமல் மார்ஃபியா மருந்து எடுத்துக்கொண்டதும் குற்றச்சாட்டாயிற்று. முதல் நாளிலிருந்து கூட நடந்த பக்ஸ்டன், பின்னால் மகள் எடித்தைக் கட்டின மருமகன், அவரோடும் பிரிவு வந்தது. கடைசி நாட்களில் லண்டன் கமிட்டியோடும் முறிந்தது. 1931-ல் ஒரு பகுதியார் பிரிந்து வேறு மிஷனே துவக்கினார்கள். கிரிக்கெட்டை விடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. தன் வழியை விடுவதுதான் கடைசிவரை முடியவில்லை என்று நினைக்கிறேன்.

1930-ல் பெல்ஜியம் ராஜா அவருக்குச் சிங்கப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தார். 1931 ஜூலையில் பித்தப்பைக் கல்லின் வேதனை. முந்தின ஞாயிறுகூட மணிக்கணக்காகக் கூட்டம் நடத்தியிருந்தார். பேச்சு அடங்கிக்கொண்டே வந்து, கடைசியாக வாயிலிருந்து வந்த வார்த்தை அல்லேலூயா என்று பக்கத்திலிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். ஜூலை 16 ராத்திரி கர்த்தரிடத்தில் சேர்ந்தார். வயது 70. ஆப்பிரிக்க விசுவாசிகள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கூடி இபாம்பியிலேயே அடக்கம் பண்ணினார்கள்.

இன்னொரு மருமகன் நார்மன் கிரப் மிஷனைக் கையில் எடுத்தார். பிளவில் மிஞ்சினது கொஞ்சம் ஊழியர், கொஞ்சம் பணம். அது வளர்ந்து டபிள்யூ.இ.சி. என்ற பெயரில் பல தேசங்களுக்குப் போயிற்று. 1953-ல் கேம்பிரிட்ஜில் படித்த இன்னொருவர், ஹெலன் ரோஸ்வியர் என்ற இளம் பெண் டாக்டர், அந்த மிஷன் மூலமாக இபாம்பியில் வந்து இறங்கினார். அடுத்திருந்த நெபொபொங்கோவில் ஆஸ்பத்திரி கட்டினார். 1964 கலகத்தில் கலகக்காரர் கையில் சிக்கி, அடிபட்டு, சொல்லக்கூடாத கொடுமைகளை அனுபவித்து, மாதக்கணக்கில் சிறையிருந்து விடுதலையானார். ஊருக்குப் போய், 1966-ல் மறுபடியும் காங்கோவுக்கே திரும்பினார்.